உங்களுக்குத் தெரியுமா? பெயரைச் சொன்னால் சிறை!

உளவு அதிகாரிக்கு இருக்கும் ஒரே கவசம், அவர் யாரென்று அடுத்தவருக்குத் தெரியாததுதான். அந்தப் பெயரை வெளியே சொன்னால் என்ன தண்டனை? தண்டனை யாருக்கு? தவறைத் தட்டிக்கேட்பவரும் இதில் மாட்டிக்கொள்வாரா? வாஷிங்டன் முதல் டெல்லி வரை சட்டம் என்ன சொல்கிறது, உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தலைமையகத்திலேயே கையெழுத்து

உளவு அதிகாரிகளின் அடையாளத்தைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் தனிச் சட்டம் உண்டு. பெயர், ‘உளவுத்துறை அடையாளப் பாதுகாப்புச் சட்டம்’. 1982 ஜூன் 23 அன்று அதிபர் ரொனால்டு ரீகன் இதில் கையெழுத்திட்டார். அதற்காக அவர் வெர்ஜீனியா மாநிலம் லாங்லியில் உள்ள, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் தலைமையகத்துக்கே நேரில் போனார். யாருக்காகச் சட்டம் வந்ததோ, அவர்கள் முன்னிலையிலேயே கையெழுத்தானது.

ஒரு முன்னாள் அதிகாரியின் புத்தகம்

இந்தச் சட்டத்துக்கு முதல் காரணம் பிலிப் ஏஜி. ஈக்வடார், உருகுவே, மெக்சிகோ ஆகிய நாடுகளில் சி.ஐ.ஏ.வுக்காக வேலை பார்த்தவர். 1968-ல் வேலையை உதறினார். லத்தீன் அமெரிக்காவில் சர்வாதிகாரிகளுக்கும் சித்திரவதை செய்யும் போலீஸுக்கும் தன் அமைப்பு துணைபோகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1975-ல் பிரிட்டனில் அவர் எழுதிய புத்தகம் வெளியானது. அதன் பின்னிணைப்பில் அதிகாரிகள், தகவலாளிகள், துணை நின்ற அமைப்புகள் என்று சுமார் 250 பெயர்கள் இருந்தன. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இந்தச் செயலுக்கென்று தனிக் குற்றப்பிரிவு கிடையாது.

பாஸ்போர்ட்டைப் பறித்த அரசு

ஏஜி மீது கடைசிவரை குற்ற வழக்கே தொடரப்படவில்லை. ஆனால் 1977-ல் பிரிட்டன் அவரை வெளியேற்றியது. 1979-ல் அமெரிக்கா அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. அவர் வழக்குப் போட்டார். 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அரசு செய்தது சரி என்று தீர்ப்பளித்தது. நாடு நாடாக அலைந்த ஏஜி, 2008 ஜனவரியில் கியூபத் தலைநகர் ஹவானாவில் காலமானார்.

ஏதென்ஸில் ஒரு கொலை

1975 டிசம்பர் 23. கிரேக்கத்தில் சி.ஐ.ஏ. கிளையின் தலைவராக இருந்த ரிச்சர்ட் வெல்ச், அமெரிக்கத் தூதர் வீட்டில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து மனைவியுடன் வீடு திரும்பினார். வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ‘நவம்பர் 17’ என்ற தீவிரவாதக் குழு பொறுப்பேற்றது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஏதென்ஸில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவர் பெயரை அச்சிட்டிருந்தது. ‘கவுன்டர் ஸ்பை’ என்ற அமெரிக்க இதழும் அவர் முன்பு பெரு நாட்டில் இருந்தபோதே அவரை அடையாளம் காட்டியிருந்தது.

எழுத்து மட்டுமே காரணமா?

இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வெல்ச் குடியிருந்த வீட்டில்தான் அவருக்கு முன்பிருந்த கிளைத் தலைவர்களும் குடியிருந்தார்கள். அது யாருடைய வீடு என்பது ஏதென்ஸில் பலருக்கும் தெரியும். அந்த வீடு வேண்டாம் என்று அவருக்கு எச்சரிக்கையும் போயிருந்தது. ஆனாலும் அமெரிக்க மக்கள் மனதில் பதிந்தது ஒன்றுதான்: பெயர் அச்சானது, மனிதர் செத்தார். சட்டம் பிறக்க அது போதுமானதாக இருந்தது.

கொலையாளி பிடிபட்டும் தண்டனை இல்லை

‘நவம்பர் 17’ குழு 1975 முதல் 2000 வரை 23 பேரைக் கொன்றது. 2002-ல் பிரேயஸ் துறைமுகத்தில் அந்தக் குழுவைச் சேர்ந்தவரின் கையிலேயே குண்டு வெடித்ததும் கூட்டம் மொத்தமாகச் சிக்கியது. 2003-ல் பலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் கிரேக்கச் சட்டப்படி 20 ஆண்டு கடந்த கொலைக்கு வழக்குத் தொடர முடியாது. அதனால் வெல்ச் கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

வீட்டு முகவரியோடு ஒரு பட்டியல்

1980 ஜூலை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் லூயிஸ் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் செய்தியாளர்களைக் கூட்டினார். தூதரகத்தில் உள்ள 15 பேர் சி.ஐ.ஏ.காரர்கள் என்று அறிவித்தார். பெயரோடு வீட்டு முகவரி, தொலைபேசி எண், கார் எண் எல்லாம் கொடுத்தார். இரண்டே நாளில் அந்த 15 பேரில் ஒருவருடைய வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஒரு அமைப்பின் அத்துமீறலை அம்பலப்படுத்துவது வேறு, ஒரு குடும்பம் தூங்கும் வீட்டுக்கு வழிகாட்டுவது வேறு. அந்த இரண்டாவது செயலை யாரும் இதழியல் என்று சொல்லிவிட முடியாது.

நின்றுபோன பகுதி

வுல்ஃபும் நண்பர்களும் 1978 முதல் நடத்திய இதழில், பெயர்களை வெளியிடுவதற்கென்றே ஒரு நிரந்தரப் பகுதி இருந்தது. 1982-ல் சட்டம் வந்ததும் அந்தப் பகுதியை அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். இதழ் தொடர்ந்தது, விமர்சனமும் தொடர்ந்தது. யாரையும் கைது செய்யாமலேயே சட்டம் தன் முதல் வேலையை முடித்தது.

மூன்று படி, மூன்று தண்டனை

இந்தச் சட்டம் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. யார் சொன்னார் என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறும்.

முதல் படி: ரகசிய அதிகாரியின் அடையாளத்தையே பார்க்கும் அதிகாரம் பெற்றவர். அவர் சொன்னால் அதிகபட்சம் 15 ஆண்டு சிறை.

இரண்டாம் படி: வேறு ரகசியக் கோப்புகளைப் பார்க்கப் போய், அதன் வழியாக அடையாளத்தைத் தெரிந்துகொண்டவர். அவருக்கு 10 ஆண்டு.

மூன்றாம் படி: எந்த ரகசிய அனுமதியும் இல்லாத வெளியாள். அவருக்கு 3 ஆண்டு.

1982-ல் முதல் இரண்டு படிகளுக்கும் 10, 5 ஆண்டுகள்தான் இருந்தன. 2010-ல் கூட்டினார்கள். வெளியாளுக்கான 3 ஆண்டு மட்டும் அப்படியே நிற்கிறது.

தண்டனை ஒன்றன்பின் ஒன்றாக

இந்தச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படும் சிறைத் தண்டனையை வேறு குற்றத்துக்கான தண்டனையோடு ஏககாலத்தில் அனுபவிக்க முடியாது. அந்தத் தண்டனை முடிந்த பிறகுதான் இது தொடங்கும்.

ஒருமுறை சொன்னால் போதாது

வெளியாளைத் தண்டிக்க வேண்டுமென்றால், அவர் ஒரு பெயரைச் சொன்னார் என்று காட்டினால் மட்டும் போதாது. ரகசிய அதிகாரிகளைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்துவதையே தொடர்ந்து ஒரு வேலையாகச் செய்தார் என்று காட்ட வேண்டும். அது நாட்டின் வெளிநாட்டு உளவுப் பணியைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இருந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். பத்திரிகையாளர்களை மனதில் வைத்துத்தான் இவ்வளவு கட்டுப்பாடு. இந்தப் பிரிவின் கீழ் இதுவரை எந்தப் பத்திரிகையாளரும் தண்டிக்கப்பட்டதில்லை.

எதிர்த்தவர்களில் ஒரு வருங்கால அதிபர்

1982 மார்ச்சில் செனட் சபையில் மசோதா 90-க்கு 6 என்ற வாக்குகளில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த மிகச் சிலரில் ஒருவர் டெலவர் மாநிலத்தின் இளம் செனட்டர் ஜோ பைடன். கெட்ட நோக்கம் இருந்ததா என்று பார்க்காமல் ‘தெரிந்திருக்க நியாயம் இருந்தது’ என்று மட்டும் பார்த்தால், நேர்மையான செய்தியாளரும் சிக்கக்கூடும் என்பதுதான் அன்று எதிர்த்தவர்களின் கவலை.

அதிகாரி மட்டுமல்ல, தகவலாளியும்

இந்தச் சட்டம் காப்பது சி.ஐ.ஏ. அடையாள அட்டை வைத்திருப்பவரை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரகசிய உறவு வைத்திருக்கும் வெளிநாட்டுத் தகவலாளிக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. உளவுப் பணிக்கு அனுப்பப்பட்ட ராணுவத்தினருக்கும், எஃப்.பி.ஐ.யின் எதிர்உளவு, பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுகளுக்கு உள்நாட்டிலேயே துப்புக் கொடுப்பவருக்கும் உண்டு.

வெளிநாட்டில் இருந்தால்தானா?

முதலில் அப்படித்தான் இருந்தது. உளவு அமைப்பின் அதிகாரி அப்போது வெளிநாட்டில் பணியாற்ற வேண்டும், அல்லது கடைசி 5 ஆண்டுகளுக்குள் வெளிநாட்டில் பணியாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் காக்காது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் இந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. தாயகம் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன அதிகாரியின் பெயரும் இப்போது பாதுகாப்பில் இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திர அமைப்புகள் இந்தத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தன. பழைய தவறுகளைப் பற்றி எழுதும்போது, தவறு செய்தவரின் பெயரையும் சொல்ல முடியாமல் போகும் என்றன.

தன் பெயரைத் தானே சொன்னால்?

‘நான் உளவு அதிகாரி’ என்று ஒருவர் தன்னைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டால் இந்தச் சட்டப்படி குற்றமில்லை. அரசே ஏற்கெனவே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பெயரைச் சொன்னாலும் குற்றமில்லை. நாடாளுமன்றத்தின் உளவுத்துறைக் குழுக்களிடம் தகவல் கொடுத்தாலும் குற்றமில்லை. இந்த மூன்றாவது விலக்குதான் மிக முக்கியமானது. உள்ளே நடக்கும் தவறைச் சொல்ல நினைப்பவருக்கு ஒரு நேர்வழியை அது திறந்து வைக்கிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

தூதரக அதிகாரி என்ற போர்வையில் இருப்பவர் அம்பலமானால், 1961-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அவரைக் காக்கும். அவரைக் கைது செய்ய முடியாது, நாட்டைவிட்டு வெளியேற்ற மட்டுமே முடியும். வியாபாரி, ஆலோசகர் என்று சாதாரண ஆளாக வாழ்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிடிபட்டால் சிறை, சில நாடுகளில் மரண தண்டனை. இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய ஆபத்து, அந்த அதிகாரியோடு பழகிய உள்ளூர்க்காரருக்கு. அவருக்குத் தப்பிப் போக வேறொரு நாடு இல்லை. அவர் பெண்டாட்டி பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

முதல் கைதி ஒரு எழுத்தர்

இந்தச் சட்டத்தில் முதலில் தண்டனை பெற்றவர் ஷாரன் ஸ்க்ரானேஜ். கானா நாட்டின் அக்ரா நகரில் சி.ஐ.ஏ. அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்நாட்டு ஆட்சியாளர் ஜெர்ரி ராலிங்ஸின் உறவினர் மைக்கேல் சூசூடிஸ் அவருடன் காதல் உறவில் இருந்தார். அவர் கேட்டதற்காக ஷாரன் பெயர்களைக் கொடுத்தார். 1985-ல் வழக்கமாக நடக்கும் பொய் கண்டறியும் சோதனையில் மாட்டிக்கொண்டார். 5 ஆண்டு சிறை விதித்து, பிறகு 2 ஆண்டாகக் குறைத்தார்கள். சூசூடிஸுக்கு 20 ஆண்டு தண்டனை கிடைத்தாலும், கானாவில் பிடிபட்டிருந்த சி.ஐ.ஏ. தகவலாளிகளுக்குப் பதிலாக அவரை விடுவித்து அனுப்பினார்கள்.

உலகமே பேசிய வழக்கு

2003 ஜூலை 6 அன்று முன்னாள் தூதர் ஜோசப் வில்சன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இராக், நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றது என்ற பேச்சு நம்பத்தகுந்ததல்ல என்றார். போருக்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்றையே அது கேள்வி கேட்டது. எட்டே நாளில், ஜூலை 14 அன்று, ராபர்ட் நோவக்கின் பத்தியில் வில்சனின் மனைவி வேலரி பிளேம் சி.ஐ.ஏ.வில் இருப்பவர் என்று பெயரோடு வெளியானது. அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் பிரிவில் ரகசியமாக வேலை செய்தவர் அவர். அந்த ஒரு வரியோடு அவருடைய ரகசியப் பணி வாழ்க்கை முடிந்தது. அவர் ஊழியராகக் காட்டிக்கொண்ட ‘ப்ரூஸ்டர் ஜென்னிங்ஸ்’ என்ற போலி நிறுவனமும் அம்பலமானது.

சொன்னவருக்குத் தண்டனை இல்லை

நோவக்குக்கு முதலில் சொன்னவர் வெளியுறவுத் துறைத் துணை அமைச்சர் ரிச்சர்ட் ஆர்மிடேஜ். யோசிக்காமல் சொல்லிவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். அவர் மீதும் சரி, வேறு யார் மீதும் சரி, 1982-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு இல்லை. தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்பதால் அந்தச் சட்டத்தில் வழக்கை நிலைநிறுத்துவது அத்தனை கடினம். துணை அதிபர் டிக் சேனியின் தலைமை அதிகாரி லூயிஸ் லிப்பி மட்டும், விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் தடை ஏற்படுத்தியதற்காகவும் 2007-ல் 30 மாதச் சிறை பெற்றார். அதிபர் புஷ் அந்தச் சிறைத் தண்டனையை ரத்து செய்தார். 2018-ல் அதிபர் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார்.

எழுதாமலேயே 85 நாள் சிறை

இதே வழக்கில் ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளர் ஜூடித் மில்லர் 2005-ல் 85 நாள் சிறையில் இருந்தார். பிளேம் பற்றி அவர் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. தனக்குத் தகவல் சொன்னவர் யார் என்று நீதிமன்றத்தில் சொல்ல மறுத்ததுதான் அவர் சிறை போகக் காரணம். பெயரைக் கசியவிட்டவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு நாள்கூடக் கம்பி எண்ணவில்லை.

நாடறிந்த தேதியும் ரகசியம்

பிளேம் தன் வாழ்க்கையை எழுதியபோது, 2002-க்கு முன் தான் சி.ஐ.ஏ.வில் இருந்த காலத்தைக் குறிப்பிடக் கூடாது என்று அமைப்பு தடுத்தது. அவருடைய பணிக்காலம் பற்றிய கடிதம் அதற்குள் அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே அச்சாகியிருந்தது. அவர் வழக்குப் போட்டார். 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சி.ஐ.ஏ. பக்கம்தான் தீர்ப்பளித்தது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்தும்.

அச்சேறாத பெயருக்கு 30 மாதம்

ஜான் கிரியாகோ, முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி. கைதியின் முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைக்கும் சித்திரவதை நடந்தது என்று 2007-ல் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னவர். பிறகு ஒரு செய்தியாளருக்கு, ரகசியப் பணியில் இருந்த சக அதிகாரி ஒருவரின் பெயரைத் தெரிவித்தார். அந்தச் செய்தியாளர் அதை அச்சிடவில்லை. ஆனாலும் குற்றம் குற்றம்தான். 2013 ஜனவரியில் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் அவர்தான். அந்த விசாரணை முறைகளுக்கு ஒப்புதல் தந்த மேலதிகாரிகள் எவர் மீதும் குற்ற வழக்குப் பதிவாகவில்லை. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கும்போது மனம் ஆறுவதில்லை.

வெள்ளை மாளிகையே சொன்னபோது

2014 மே மாதம் அதிபர் ஒபாமா ஆப்கானிஸ்தானின் பக்ராம் ராணுவத் தளத்துக்குப் போனார். அவரைச் சந்தித்தவர்களின் பட்டியலை வெள்ளை மாளிகையே செய்தியாளர்களுக்கு அனுப்பியது. காபூலின் சி.ஐ.ஏ. தலைவர் பெயரும் பதவியும் அதில் இருந்தன. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. ஒரு செய்தியாளர்தான் அதைக் கவனித்துச் சொன்னார். முன்னணிப் பத்திரிகைகள் அந்தப் பெயரை அச்சிடாமல் விட்டன. தெரியாமல் நடந்த தவறு என்பதால் குற்ற வழக்கு இல்லை. பொறுப்போடு நடக்கச் செய்தியாளர்களுக்கு எப்போதும் சட்டம் தேவைப்படுவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

மாணவர்களை விற்ற ஆசிரியர்

ஹரோல்டு நிக்கல்சன், சி.ஐ.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர். தன்னிடம் பயின்ற புதிய அதிகாரிகளின் விவரங்களை ரஷ்யாவுக்கு விற்றார். வெளிநாடு போவதற்கு முன்பே அந்த இளைஞர்களின் எதிர்காலம் பாழானது. 1997-ல் உளவுக் குற்றத்துக்காக 23 ஆண்டு 7 மாதம் சிறை. சிறையில் இருந்தபடியே சொந்த மகனை அனுப்பி ரஷ்யர்களிடம் மேலும் பணம் வாங்கினார். 2011-ல் இன்னும் 8 ஆண்டு சேர்ந்தது.

மரண தண்டனையும் உண்டு

பெயரைப் பத்திரிகைக்குச் சொல்லாமல் அந்நிய நாட்டுக்குக் கொடுத்தால், அது உளவுக் குற்றம். அப்படிக் கொடுத்த தகவலால் அமெரிக்காவுக்காக வேலை செய்த ஒருவர் அடையாளம் காணப்பட்டு உயிரிழந்தால், குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. 1994-ல் சேர்க்கப்பட்ட விதி இது. ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி சோவியத்துக்கு விற்ற பெயர்களால் குறைந்தது 10 பேர் கொல்லப்பட்டது தெரியவந்த ஆண்டும் அதுதான். ஏம்ஸுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை.

பிரிட்டன்: இரண்டே ஆண்டு

1989-ம் ஆண்டின் பிரிட்டிஷ் ரகசியச் சட்டப்படி, உளவு அமைப்பில் வேலை பார்த்தவர் தன் பணி பற்றி அனுமதியின்றி எதைச் சொன்னாலும் குற்றம். அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. பொதுநலனுக்காகச் சொன்னேன் என்ற வாதம் எடுபடாது. உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-ன் முன்னாள் அதிகாரி டேவிட் ஷெய்லர் அந்த வாதத்தை நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தோற்றார். 2002-ல் அவருக்கு 6 மாதச் சிறை. 1999-ல் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6-ன் அதிகாரிகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இணையத்தில் வெளியாயின. அரசு எவ்வளவு முயன்றும் அந்தப் பட்டியலைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

ஒரு தவறான மின்னஞ்சல்

2022 பிப்ரவரியில் பிரிட்டனின் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு கோப்பு தவறுதலாக வெளியே போனது. பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட ஆப்கானியர்களின் விவரங்கள் அதில் இருந்தன. பட்டியலில் சுமார் 19,000 பேர். உளவு அதிகாரிகள், சிறப்புப் படையினர் உட்பட நூறு பிரிட்டிஷ்காரர்களுக்கு மேல் அதில் அடக்கம். இந்தச் செய்தியே வெளிவரக் கூடாது என்று நீதிமன்றம் போட்ட தடை 2025 ஜூலை வரை நீடித்தது. இன்றைக்குப் பெயர்களைக் கசியவிட ஒரு துரோகி தேவையில்லை, ஒரு கவனக்குறைவு போதும்.

பிரான்ஸ்: விளைவைப் பார்த்துத் தண்டனை

பிரெஞ்சு தண்டனைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. உளவு அதிகாரியின் அடையாளத்தை வெளியிட்டால் 5 ஆண்டு சிறை, 75,000 யூரோ அபராதம். அதனால் அவருக்கோ குடும்பத்துக்கோ உடலாலோ மனதாலோ பாதிப்பு வந்தால் 7 ஆண்டு, 1,00,000 யூரோ. உயிர் போனால் 10 ஆண்டு, 1,50,000 யூரோ. கவனக்குறைவால் வெளியிட்டாலும் 3 ஆண்டு வரை உண்டு. குடும்பத்தையும் சேர்த்து நினைத்துப் பார்த்த சட்டம் இது.

ஆஸ்திரேலியா 10, கனடா 5

ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு உளவு அமைப்பான ஏ.எஸ்.ஐ.ஓ. அதிகாரியின் அடையாளத்தை வெளியிட்டால் 10 ஆண்டு வரை சிறை. 2014 வரை இது ஓர் ஆண்டுதான். தலைமை இயக்குநர் பெயரை மட்டும் தாராளமாகச் சொல்லலாம். கனடாவில் ரகசிய அதிகாரியின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு 5 ஆண்டு வரை தண்டனை உண்டு.

நம் நாட்டில் என்ன சட்டம்?

அமெரிக்காவைப் போலவோ பிரான்ஸைப் போலவோ அடையாளத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. வெள்ளைக்காரர் காலத்து 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம்தான் இன்றும் கைகொடுக்கிறது. அதன் 5-வது பிரிவின்படி ரகசியத் தகவலை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை. எதிரிக்கு உதவும் உளவு வேலை என்றால் 3-வது பிரிவு. பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டிருந்தால் 14 ஆண்டு வரை போகும். உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி., வெளிநாட்டு உளவு அமைப்பான ரா ஆகியவற்றில் பணியாற்றுவோருக்கு 1985-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. அனுமதியின்றிப் பத்திரிகையோடு பேசினாலோ புத்தகம் போட்டாலோ 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு புத்தகங்கள்

2007-ல் ரா அமைப்பு பற்றி, அதில் பணியாற்றிய இருவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்த பி. ராமன் எழுதியது. தான் பணியாற்றிய காலத்தின் வெற்றிகளையும் தோல்விகளையும் அவர் எழுதினார், சிக்கல் வரவில்லை. மற்றொன்று, ராணுவத்திலிருந்து ராவுக்குப் போன மேஜர் ஜெனரல் வி.கே. சிங் எழுதியது. கருவிகள் வாங்கியதில் நடந்த முறைகேடுகளை அதில் சுட்டிக்காட்டினார். அவர் வீட்டில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது, அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்கும் போட்டது. 2021-ல் ஓய்வூதிய விதிகளும் மாறின. உளவு அமைப்புகளில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் துறை பற்றி எழுத வேண்டுமானால், முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

பெயரில்லாத நட்சத்திரங்கள்

சி.ஐ.ஏ. தலைமையகத்தின் பளிங்குச் சுவரில், பணியில் உயிரிழந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருக்கிறார்கள். 1974-ல் 31 இருந்தன, இன்று நூற்றைத் தாண்டிவிட்டன. சுவருக்குக் கீழே ஒரு புத்தகம். அதில் சில நட்சத்திரங்களுக்கு எதிரே பெயர் இருக்காது, இறந்த ஆண்டு மட்டும் இருக்கும். 1950-ல் திபெத் எல்லையில் சுடப்பட்ட டக்ளஸ் மெக்கியர்னன்தான் பணியில் கொல்லப்பட்ட முதல் சி.ஐ.ஏ. அதிகாரி. அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்ல அமைப்புக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இறந்தவரின் பெயர் தெரிந்தால், அவரோடு பழகிய உயிரோடு இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்ற அச்சம்தான் காரணம்.

இனி நமக்கு வேண்டியது

பெயரை விற்றவருக்கும் வீட்டு முகவரியைக் காட்டிக்கொடுத்தவருக்கும் கடும் தண்டனை வேண்டும். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அதே சட்டம் சித்திரவதையையும் ஊழலையும் மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. அமெரிக்கா 1998-ல், உளவு அதிகாரிகள் தவறுகளை நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் குறைகள் இருந்தாலும் வழி என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் ஐ.பி., ரா அமைப்புகளைக் கண்காணிக்க அப்படி ஒரு நாடாளுமன்றக் குழுவே கிடையாது. அதற்காக 2011-ல் நாடாளுமன்ற உறுப்பினர் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமலே போனது. அதிகாரியின் பெயரைக் காக்கத் தெளிவான ஒரு சட்டம், அவர் தவறைக் கண்டால் பயமில்லாமல் போய்ச் சொல்ல ஒரு நாடாளுமன்றக் குழு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகவே கேட்க வேண்டும்.